ஆறாம் வகுப்புக்கு முந்தைய கோடை: கணக்கு மறக்காமல் இருக்க எங்கள் வீட்டில் செய்தவை

ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு நடுவில் வரும் கோடை விடுமுறை மற்ற விடுமுறைகள் மாதிரி இல்லை. எங்கள் திருவாரூர் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் ஐந்தாவது வரைக்கும்தான் ஊரிலேயே பள்ளிக்கூடம். ஆறாவதுக்குப் பஸ் ஏற வேண்டும். எல்லாப் பாடத்தையும் ஒரே டீச்சர் நடத்தியது போய், கணக்குக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் வருவார். நாலைந்து ஊர்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு எது வரும், எது வராது என்று அவர் தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆகும். அதுவரைக்கும் வாய்ப்பாடும் வகுத்தலும் பின்னமும் எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் நகரும். முதல் பருவத்திலேயே பெரிய எண்கள், இயற்கணிதம், விகிதம் எல்லாம் வந்துவிடுகின்றன. விடுமுறையில் எதை மறந்ததோ அது அங்கே திரும்பச் சொல்லித் தரப்படாது.

விடுமுறையில் மறப்பது நம் பிள்ளைகளின் குறை இல்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்வாங்குகிறார்கள், வாசிப்பைவிடக் கணக்கில்தான் இழப்பு கூடுதல் என்று அதில் சொன்னார்கள். பின்னால் வந்த சிலர் இந்த அளவு சரிதானா என்று கேட்டிருக்கிறார்கள். ஆனால் ஏன் கணக்கு என்பதற்கு யோசித்தாலே காரணம் புரியும். விடுமுறையிலும் கண்ணில் எழுத்து பட்டுக்கொண்டே இருக்கிறது. பஸ் போர்டு, பேப்பர், டிவி, போன் எல்லாவற்றிலும் வாசிப்பு நடக்கிறது. வகுத்தல் கணக்கைக் கேட்பவர் யாரும் இல்லை.

போன வருடம் என் மகளும், சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகனும் ஒரே நேரத்தில் ஆறாவதுக்குப் போகிறவர்கள். அந்தக் கோடை முழுக்க நான் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம்தான்: பிள்ளை போடும் கணக்கின் விடைக்காக உண்மையிலேயே யாராவது காத்திருக்க வேண்டும். டீச்சர் காத்திருப்பது கணக்கில் சேராது, அவருக்கு விடை முன்பே தெரியும். விடை தெரியாத ஒருவர், அந்த விடையை வைத்துக் காசு கொடுக்கவோ வாங்கவோ அரிசி ஊறவைக்கவோ போகிறவர் எதிரில் நிற்க வேண்டும். அப்போது பிள்ளை தானாகவே இரண்டு தடவை சரிபார்க்கிறது.

எங்களுக்கு இதற்கு வாகாக அமைந்தது பருத்தி. தாளடி நெல் அறுத்த பிறகு எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் கோடையில் பருத்தி போடுகிறார்கள். மே பாதிக்கு மேல் காய் வெடிக்கத் தொடங்கியதும் ஊர் அக்காமார்கள் காலையிலேயே எடுக்க வந்துவிடுவார்கள். எடுத்த எடைக்குக் கூலி. அந்த வருடம் கிலோவுக்கு 12 ரூபாய் பேசியிருந்தோம். எடை பார்த்து நோட்டில் எழுதி, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று சொல்லும் வேலையை என் மாமனார் அதுவரை தானே செய்துவந்தார். அதை அண்ணன் மகனிடம் கொடுக்கச் சொன்னேன். அவருக்கு முதலில் மனமில்லை. "கூலி விஷயம்மா, தப்பாயிட்டா நல்லா இருக்காது" என்றார். அதனால்தான் கொடுங்கள் என்று கேட்டேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொள்வது, ஆனால் வாய் திறக்காமல் இருப்பது என்று முடிவானது.

எடைத் தராசு டிஜிட்டல். மூன்று தசம இடம் காட்டும். ஓர் அக்காவின் மூட்டைக்கு 9.050 என்று வந்தது. பையன் 9.50 என்று எழுதி, 12ஆல் பெருக்கி, 114 ரூபாய் என்று அறிவித்தான். அந்த அக்கா சட்டென்று, "எனக்கு நூத்தி எட்டும் கொஞ்சம் சில்லறையும்தான் தம்பி வரும், ஒம்பது கிலோதானே எடுத்தேன்" என்றார். பையன் தராசை மறுபடி பார்த்தான். 9 கிலோ 50 கிராம். அவன் எழுதியது 9 கிலோ 500 கிராம். சரியான கூலி 108 ரூபாய் 60 காசு. பத்தில் ஒன்றின் இடம், நூறில் ஒன்றின் இடம் என்றெல்லாம் அவனும் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் அந்தப் பூஜ்யம் 5 ரூபாய் 40 காசு பெறும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தசமப் புள்ளிக்குப் பக்கத்தில் பூஜ்யம் வந்தால் அவன் பேனா நின்று போகும்.

அதைவிட முக்கியமாக இன்னொன்றும் நடந்தது. அந்த அக்கா பேப்பர் பென்சில் இல்லாமல் எப்படிச் சொன்னார் என்று அவன் கேட்டுத் தெரிந்துகொண்டான். பதினெட்டரைக் கிலோ என்றால், "பத்துக்கு நூத்தி இருவது, எட்டுக்குத் தொண்ணூத்தி ஆறு, அரைக்கு ஆறு, ஆக மொத்தம் எரநூத்தி இருவத்தி ரெண்டு." இதைத்தான் ஆறாம் வகுப்பில் பங்கீட்டுப் பண்பு என்று பெயர் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். பெயர் வருவதற்கு முன்னாலேயே வேலை கைக்கு வந்துவிட்டால், ஜூலையில் அந்தப் பெயர் வரும்போது பிள்ளை மிரளாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஊரில் கணக்கை வாயாலேயே போடும் பெரியவர்கள் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பூக்காரம்மா, மீன் விற்பவர், கொத்தனார் என்று யாரானாலும் சரி.

மகளுக்குக் கிடைத்தது நிலக்கணக்கு. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் நிலத்தை மாவில்தான் பேசுவார்கள். பத்திரத்தில் ஏக்கர், சென்ட், ஹெக்டேர். இரண்டுக்கும் நடுவில் மாற்றத் தெரியாமல் தடுமாறுகிற பெரியவர்களையே பார்த்திருக்கிறேன். மாமனார் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: 12 அடி நீளம் 12 அடி அகலம் ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மீதியை அவளையே கண்டுபிடிக்கச் சொன்னார்.

ஒரு குழி 144 சதுர அடி. ஒரு மா 14,400 சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, அப்படியானால் மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். ஒரு மா சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் எவ்வளவு என்று கேட்டேன். 100 குழி என்பதால் 12ஐ 100ஆல் பெருக்கி 1,200 அடி என்றாள். சரி, வரைந்து பார் என்றேன். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டாள். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. பக்கம் 120 அடிதான். பக்கம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்காகிறது என்று நான் சொல்லவில்லை, அவளே கத்தினாள்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோர் வாயிலும் இருக்கும் பேச்சு ஞாபகம் வந்தது. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி. ஐந்து வேலி என்றால் 100 மா. அப்படியானால் அந்தக் குளம், கமலாலயம், சரிசதுரமாக இருந்திருந்தால் பக்கம் எவ்வளவு? 1,200 அடி! முதலில் அவள் தவறாகச் சொன்ன அதே எண். குழிக்கு 12, மாவுக்கு 120, ஐந்து வேலிக்கு 1,200. இந்தப் படிவரிசையைப் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது. அடுத்த தடவை தேரடி பக்கம் போனபோது இரண்டு பேரும் குளக்கரையில் ஒரு பக்கத்தைக் கால் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார்கள். வெயிலில் பாதியில் நிறுத்திவிட்டு ரோஸ்மில்க் குடித்தோம். நீளத்துக்கும் பரப்புக்கும் உள்ள இந்தக் குழப்பம் மேல் வகுப்பு வரைக்கும் பிள்ளைகளை விடாது, அதனால் இதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

காலையில் பேப்பர் வந்ததும் காவிரி டெல்டாக்காரர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். இதைப் படித்துத் தாத்தாவுக்குச் சொல்வதும், சமையலறைச் சுவரில் ஒட்டிய கட்டத்தாளில் புள்ளி வைப்பதும் பிள்ளைகள் முறைபோட்டுச் செய்த வேலை. நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று பார்ப்பது தினம் ஒரு தசமக் கழித்தல். கோடு இறங்குகிறதா, சமமாகப் போகிறதா என்று பார்ப்பது வரைபடம்.

பெரிய எண்களுக்கும் இதையே எடுத்துக்கொண்டோம். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு போகும்? ஒரு நாளைக்கு எத்தனை வினாடி என்பதே முதல் கணக்கு: 24 பெருக்கல் 60 பெருக்கல் 60, அதாவது 86,400. அதை 10,000ஆல் பெருக்கினால் 86 கோடியே 40 லட்சம். ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைவு. அணை 120 அடி முழுக்க நிறைந்தால் 93.47 டி.எம்.சி. அப்படியானால் சொட்டுத் தண்ணீர் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? மகள், "93 நாளுக்கு மேல, ஆனா ரொம்ப மேல இல்ல" என்றாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த விடை போதும், அதுதான் நல்ல விடையும்கூட. நான் போனில் வகுத்துக் காட்டினேன், 108 வந்தது. தாத்தா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "குறுவை நெல்லு நூத்திப் பத்து நாள் பயிரும்மா. அணையில அடியில கிடக்குறதையெல்லாம் திறக்க முடியாது, வர்ற வழியில மணல் குடிக்கும், வெயில் குடிக்கும். இப்பத் தெரியுதா ஏன் ஜூன் மாசம் மேக்கே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்னு" என்றார். பிள்ளைகள் அதற்குப் பிறகு, வழக்கமாக அணை திறக்கும் நாளான ஜூன் 12 வருவதை அவரைப் போலவே எண்ண ஆரம்பித்தார்கள். லட்சத்துக்கும் கோடிக்கும் எத்தனை பூஜ்யம் என்ற சந்தேகம் அந்த வீட்டில் பிறகு யாருக்கும் வரவில்லை.

மதிய வெயிலில் வெளியே போக முடியாது. அதற்குத் தாயம். பித்தளைக் கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்றுப் பக்கம். இரண்டு கட்டையும் வெற்றாக விழுந்தால் 12. எந்த எண் அதிகம் விழுகிறது என்று ஒருவர் கோடு போட்டுக் குறித்துக்கொண்டே வர வேண்டும், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது கோடு. நாலைந்து மதியம் ஆனபிறகு மூன்றுதான் அதிகம், ஆறும் பன்னிரண்டும்தான் குறைவு என்று தெரிந்தது. ஏன்? 16 கட்டம் போட்ட அட்டவணை ஒன்றை வரையச் சொன்னேன். மூன்று விழ நாலு வழி இருக்கிறது: மூன்றும் வெற்றும் இரண்டு விதமாக, ஒன்றும் இரண்டும் இரண்டு விதமாக. ஆறுக்கு ஒரே வழி, பன்னிரண்டுக்கும் ஒரே வழி. தாயம், அதாவது ஒன்று, விழவே மாட்டேன் என்கிறது என்று அழுத பையன், 16இல் இரண்டு வழிதான் அதற்கு என்று பார்த்ததும் அடங்கினான்.

கோலத்தில் மகள் தானாகப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊடுபுள்ளி, 7இலிருந்து 4 வரை, அதாவது நடு வரிசையில் 7 வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4 வரை வைத்தால் மொத்தம் 37 புள்ளி. 5இலிருந்து 3 வரை வைத்தால் 19. 3இலிருந்து 2 என்றால் 7. 9இலிருந்து 5 என்றால் 61. சின்னதிலிருந்து அடுக்கினால் 7, 19, 37, 61, வித்தியாசம் 12, 18, 24. ஆறு ஆறாகக் கூடுகிறது. அடுத்தது 11இலிருந்து 6, அதற்கு 91 வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு வாசலில் வைத்து எண்ணிப் பார்த்தாள். வந்தது. நான் ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை.

பின்னத்துக்குச் சமையலறையே போதும். இட்லிக்கு அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று. அரைக்கால் படி உளுந்துக்கு எவ்வளவு அரிசி? கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று) என்று மாமியார் பேசும்போது, எட்டில் ஒன்று நாலில் ஒன்றைவிடச் சின்னது என்பதைப் பிள்ளை கையால் அளந்தே தெரிந்துகொள்கிறது. எட்டு பெரிய எண், ஆகவே எட்டில் ஒன்று பெரியது என்று நினைக்கும் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகும் நிறைய இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் இருந்தாலும், வாழ்க்கைக் கணக்கு மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். நீள் வகுத்தல், வெவ்வேறு பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டுவது, வாய்ப்பாட்டைக் குறுக்கும் நெடுக்குமாகச் சொல்வது இதெல்லாம் பருத்திக் காட்டில் தினமும் வராது. அதற்குக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம், சிலேட்டில். ஒரு வகுத்தல், ஒரு பின்னம், நேற்றுத் தப்பானதில் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஒரே மாதிரிக் கணக்கு இருபது போட்டால் இரண்டாவதிலிருந்து கை மட்டும்தான் வேலை செய்கிறது. கொஞ்சம் மறந்த பிறகு திரும்பத் தேடி எடுப்பதுதான் நினைவில் தங்குகிறது. போடுவதற்கு முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும் என்பதும் கட்டாயம். 4,218ஐ 6ஆல் வகுத்து 73 என்று எழுதும் பிள்ளை, "700 பக்கம் வரும்" என்று முன்பே சொல்லியிருந்தால் தானே நின்று, நடுவில் விட்ட பூஜ்யத்தைத் தேடும். விடை 703.

சிலேட்டு ஏன் என்றால், தப்பு அழிந்துவிடும். நோட்டில் சிவப்புச் சுழி அப்படியே நிற்கும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் பேப்பருக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதியவர் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து என் வீட்டிலும் முழங்கை அழிரப்பராகிவிட்டது, சட்டைக் கை வெள்ளையானதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

மே மாதமே ஆறாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் டியூஷன்கள் இப்போது டவுனில் இருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐந்தாவதில் ஆடிக்கொண்டிருக்கும் செங்கல்லின் மேல் ஆறாவதை அடுக்குவதால் என்ன கிடைக்கும்? அதற்குப் பதில், ஐந்தாம் வகுப்பு மூன்று பருவப் புத்தகங்களையும் எடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் கடைசிப் பயிற்சியிலிருந்து இரண்டு கணக்கு கொடுத்துப் பாருங்கள். புத்தகம் கிழிந்துபோயிருந்தால் பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கே தடுக்குகிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். அந்தக் கோடைக்கு அது மட்டும்தான் பாடம்.

கடைக்கு அனுப்பும்போது கையில் ரூபாய்த் தாள் கொடுத்து அனுப்புங்கள். போனில் ஸ்கேன் பண்ணிக் காசு போடும் காலத்தில் மீதிச் சில்லறை எண்ணும் வாய்ப்பே பிள்ளைகளுக்குப் போய்விட்டது. 500 ரூபாய் கொடுத்தால், மீதி எவ்வளவு வரும் என்று கடைக்காரர் சொல்வதற்கு முன் பிள்ளை சொல்ல வேண்டும்.

நிலமும் பருத்தியும் இல்லாத டவுன் வீட்டில் என்ன செய்வது என்று என் தங்கை கேட்டாள். அவள் தஞ்சாவூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கரண்ட் மீட்டரைப் பையனிடம் ஒப்படைக்கச் சொன்னேன். தினம் ஒரே நேரத்தில் ரீடிங் எழுத வேண்டும், நேற்றைக் கழிக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு இதே வேகத்தில் போனால் எவ்வளவு யூனிட் ஆகும் என்று சொல்ல வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் யூனிட் எந்தத் தேதியோடு தீர்கிறது என்பதையும் அவன்தான் சொல்ல வேண்டும். சிலிண்டரில் 14.2 கிலோ காஸ், எத்தனை நாள் வந்தது, நாளொன்றுக்கு எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. இப்போது அந்த வீட்டில் ஏசி போட வேண்டுமென்றால் அவனிடம் கேட்டுத்தான் போடுகிறார்களாம்.